ஒன்பதாவது கேள்வி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ, உன் மனைவி, மகள் வாலு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாக எழுதியிருந்தாய். முளைத்ததா, இல்லை இன்னும் பொக்கை வாயோடுதான் உன்னை அதட்டுகிறாளா?

என் வலது காது முழுக்கக் கைவிட்டுவிட்டது. இடது காது பாதி நாள் வேலைக்கு வரும், பாதி நாள் லீவு. போனை எடுத்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுது. எழுதினால் எனக்கு ஒரு சொல்லும் தப்பாது.

இங்கே வாசல் பலகையை மாற்றிவிட்டார்கள். இருபத்தாறு வருடமாக ஆவணக் காப்பகம் என்று இருந்த இடம் இப்போது பண்பாட்டு அனுபவ மையம். புது இயக்குநர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் படிப்பறைச் சுவர்களை இடித்து எல்லாவற்றையும் ஒரே கூடமாக்கிவிட்டார். சுவர் இருந்தால் அறிவு அடைபட்டுப் போகுமாம். அந்தக் கூடத்தில் பத்துப் பேர் பேசினால் எனக்கு ஒரே இரைச்சல். பக்கத்து மேஜைக்காரரான பைண்டர் மட்டும் பசைக் கிண்ணத்தோடு மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கிழிந்த தாள்களை ஒட்டித் தைக்கிற கை அவருடையது. அவரை நகர்த்தினால் பசை கொட்டும் என்று பயந்து விட்டுவிட்டார்கள்.

என் வேலை அப்படியேதான் இருக்கிறது. பெயரும் தேதியும் இல்லாத பழைய கடிதங்களைப் படித்து, யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கண்டுபிடிப்பது. இன்னும் பதினெட்டுக் கட்டுகள் பாக்கி, ஓய்வு பெற ஏழு வருடம். சரியாக முடித்துவிடலாம். உண்மையைச் சொன்னால், காது போன பிறகு என்னோடு ஒழுங்காகப் பேசுகிறவர்கள் இந்தக் கடிதங்களை எழுதியவர்கள்தான். இந்த மேஜையும் இல்லாவிட்டால் நான் யாரிடம் போய் உட்காருவேன் என்று சில நாள் நினைத்துக்கொள்வேன்.

வெளியிலிருந்து ஆலோசகர்கள் வரப்போகிறார்களாம். யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்னென்ன குணங்கள் என்று அளப்பார்களாம். நீயும் இந்த மாதிரி ஏதோ வேலைதானே பார்க்கிறாய்? உன் வேலை என்னவென்று யாராவது கேட்டால் பெரிய ஆபீஸ் என்று சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் விளக்கமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். வாலுவுக்கு ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. காதுக்கு வேறு நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு, தள்ளிப் போடாதே.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தொடர்ந்து பிரயாணம். என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். சுருக்கமாகச் சொன்னால், ஒரு நிறுவனம் மாறும்போது அதில் வேலை செய்கிறவர்களும் சேர்ந்து மாற உதவுவது. இப்போதெல்லாம் நூலகம், அருங்காட்சியகம், நாடக அரங்கு எல்லாமே மாறுகிறது. தனக்குத் தெரிந்ததைத் தனக்குள்ளே வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுக்கிறவர்கள், பழக்கத்தை விடத் தெரிந்தவர்கள், இப்படிப்பட்ட ஆட்கள்தான் அங்கே தேவை. அந்தக் குணங்களை அடையாளம் காண்பது எங்கள் பிரிவின் வேலை.

உங்கள் இடத்தில் வரும் ஆலோசகர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லா இடத்திலும் நடப்பதுதான். படிவம் கொடுத்தால் நிரப்பிக் கொடு. இருபத்தாறு வருட அனுபவத்தை யாரும் தூக்கி எறிந்துவிட மாட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. டாக்டரிடம் போனேன். ஒரு கருவி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வைத்தால் கூடத்து இரைச்சல் இன்னும் பெரிதாகக் கேட்கும் போலிருக்கிறது. யோசிக்கிறேன்.

படிவம் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டம் போட வேண்டும். 'மாற்றத்தை வரவேற்கிறேன்.' 'தெரிந்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.' 'தயக்கமின்றி முடிவெடுக்கிறேன்.' இந்தக் கடைசி வரியில் மாட்டிக்கொண்டேன். ஒரு கடிதம் யாருடையது என்று சொல்ல நான் ஒன்பது மாதம் தயங்கியிருக்கிறேன். தயங்கியதால்தான் அது சரியாக வந்தது. அதற்கு எந்த எண்ணில் வட்டம் போடுவது? பைண்டரிடம் கேட்டேன். "மூணுல போடுங்க. நடுவுல இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் மூன்றுதான் போட்டிருக்கிறார்.

மற்றப் பக்கங்களில் கேள்விகள். பெரும்பாலும் வழவழா கொழகொழா. ஒன்றே ஒன்று பிடித்திருந்தது. எது என்று சொல்ல மாட்டேன். அதை நாலைந்து முறை படித்தேன்.

நிரப்பிய படிவத்தை உறையில் போட்டு ஒட்டி, நேராக ஆலோசகர்களின் ஆபீசுக்கு அனுப்புவார்களாம். இயக்குநர்கூடப் பிரிக்கக் கூடாதாம். அதுவும் நல்லதுதான்.

வாலுவுக்கு என் முத்தம்.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீ நலமா? காதுக் கருவியை வாங்கிக்கொள். நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவது இனி ரொம்ப அவசியம்.

இது அவசரமாக எழுதும் கடிதம். வட்டம் போடும் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் நாலு போட்டுவிடு. ஐந்து போட்டால் நம்ப மாட்டார்கள். தயக்கத்தைப் பற்றியெல்லாம் விளக்கம் எழுதாதே. ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் நீளமாக எழுத வேண்டாம். நாலு வரி போதும். உன்னை எனக்குத் தெரியும், எழுத உட்கார்ந்தால் நிறுத்த மாட்டாய். இந்த ஒரு விஷயத்தில் நான் சொல்வதைக் கேள்.

பொதுவாக இப்படிப்பட்ட படிவங்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

உன் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. வழக்கமாக மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறவன் எட்டே நாளில் பதில் எழுதிவிட்டாய். பிரயாணம் குறைந்ததா? மனைவியும் வாலுவும் நலம்தானே?

ஒன்பதாவது கேள்வியைப் பற்றிச் சொன்னாய். சரி.

கூடத்தில் இப்போது சக்கரம் வைத்த மேஜைகள். காலையில் விட்டுப்போன இடத்தில் மாலையில் இருப்பதில்லை. நான் என் மேஜைக் காலைக் கயிற்றால் தூணோடு கட்டிவிட்டேன். இயக்குநர் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

நான் எப்படி வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு கடிதம் கைக்கு வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பேன். ஆரம்பத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். முடிக்கும்போது கை தளர்ந்து, சொல்ல வந்தது அங்கேதான் வந்து விழும். பிறகு அவர்களுக்கே உரிய பழக்கச் சொல் எது என்று தேடுவேன். பெயரை மறைத்து எழுதுகிறவன் கையெழுத்தை மாற்றுவான், காகிதத்தை மாற்றுவான். சின்ன வயதில் வீட்டில் கேட்ட பேச்சை மட்டும் மாற்ற மாட்டான். அது அவனுக்கே தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும்.

படிவத்துக்கு மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. அதுவரை வேறு எதுவும் எழுத முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய்? மாதக் கடைசி போய்ப் பத்து நாளாகிவிட்டது. ஒரு வரிகூடக் காணோம். ஏன் பதில் போடவில்லை? என்மேல் ஏதாவது கோபமா? எழுதச் சொன்னவளே இப்படி வாயை மூடிக்கொண்டால் நான் என்னவென்று நினைப்பது?

படிவத்தைக் கொடுத்துவிட்டாயா? ஒன்பதாவதை நான் சொன்ன மாதிரிதானே எழுதினாய்?

வாலு உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன். மேஜையைக் கட்டிப் போட்டிருக்கும் அத்தையாம். நான் சொல்லி வரைந்தது.

உன் தம்பி


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பயந்துபோய் உன் ஆபீசுக்கே போன் செய்தேன். பைண்டர்தான் எடுத்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காங்க. தினமும் தபால் வந்திருக்கான்னு மட்டும் கேக்கறாங்க" என்றார். நான் எழுதிய கடிதம் கிடைக்கவில்லையா, அக்கா? கிடைத்திருந்தால் எந்தத் தபாலைக் கேட்கிறாய்?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஏதாவது தாள் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால் உடனே போட்டுவிடாதே. ஒரு வாரம் வேண்டும் என்று சொல். ஏன் என்று என்னைக் கேட்காதே.

உன் தம்பி


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வாலு வரைந்த படத்தை மேஜையில் ஒட்டியிருந்தேன். இப்போது வீட்டில் ஒட்டியிருக்கிறேன்.

போன திங்கட்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். இயக்குநரும் ஆலோசகர் ஆபீசிலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். நல்ல பெண். எனக்குக் கேட்காது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், எழுந்து வந்து என் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"மேடம், ஒன்பதாவது கேள்விக்கு நாற்பத்து மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. வேற யாருமே இவ்வளவு எழுதல. இனிமே இத வச்சு யார் வேணும்னாலும் உங்க வேலையச் செய்யலாம். அதனால தனியா ஒரு ஆள் தேவைப்படாது."

"நீங்க அதப் படிச்சீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி இயக்குநரைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். அது வலது காதுப் பக்கம் போய்விட்டது.

நீ சொன்னபடி ஒரு வாரம் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பாக்கிக் கட்டுகளை அலமாரியில் வரிசையாக அடுக்கி, சாவியைக் கொடுத்துவிட்டேன். பைண்டருக்கு வேலை இருக்கிறது. ஒன்பதாவதற்கு அவர் எழுதியது ஒரே வரி: எனக்குத் தெரிந்தது கையில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். மேஜைக் கயிற்றை அவிழ்க்க அவர்தான் உதவினார். அவிழ்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அழுகிறார் போலிருந்தது, நான் பார்க்கவில்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு எங்கேயுமே அமைதிதான். இருந்தாலும் இது வேறு மாதிரி.

நீ நலமா?

உன் அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அது எங்கள் ஆபீஸ். அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். உங்கள் இடம் எங்கள் கைக்கு வந்தது எனக்குப் போன வருடமே தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நீ முதல் கடிதத்தில் என் வேலையைக் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். சுற்றி வளைத்து ஏதோ எழுதினேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

ஆனால் என்னால் முடிந்ததை நான் செய்தேன், அக்கா. ஒன்பதாவதற்கு மதிப்பெண் போடும் முறை எனக்குத் தெரியும். இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதினால், அந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட முடியும், தனி ஆள் வேண்டாம் என்று கணக்கு. அதனால்தான் நாலு வரி போதும் என்று கெஞ்சினேன். எல்லாம் அந்தப் படிவத்தை வைத்துத்தான் முடிவானது. நீ ஏன் நான் சொன்னதைக் கேட்கவில்லை? ஏன் நாற்பத்து மூன்று பக்கம் எழுதினாய்?

திட்டியாவது எழுது.

உன் தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மனைவியிடம் இதையெல்லாம் சொல்லி அவளையும் வருத்தப்படுத்தாதே. வாலுவுக்கு இரண்டாவது பல் வந்ததா என்று எழுத மறந்துவிட்டாய்.

திட்ட ஒன்றுமில்லை. படிவம் கைக்கு வந்த அன்றே எனக்குத் தெரியும். ஒன்பதாவது கேள்வியை எடுத்துப் பார்: 'நீங்கள் வைத்த ஒன்றை, நீங்கள் இல்லாதபோது, விளக்கில்லாத அறையில் இன்னொருவர் கையை நீட்டி எடுத்துக்கொள்ள முடியுமா? அதற்கு அவர் அறிய வேண்டிய அனைத்தையும் எழுதுக.'

நம் வீட்டு உள் அறைக்கு ஜன்னலும் கிடையாது, விளக்கும் கிடையாது. அம்மா நம் இருவரையும் எத்தனை தடவை அதட்டியிருப்பாள்? "இருட்டுல கைய நீட்டினா கிடைக்கணும். இல்லன்னா அது வச்ச பொருள் இல்ல, தொலைச்ச பொருள்." இந்த உலகத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். அதைப் போய் ஒரு படிவத்தில் எழுதிவிட்டு, பெயர் போடாமல் மறைந்துகொள்ள முடியும் என்று நினைத்தாயா? பெயரில்லாத கடிதங்களைப் பார்த்தே வயதைக் கழித்தவளிடமா? போதாததற்கு, நான் எண்ணே சொல்லாத கேள்வியை நீ ஒன்பதாவது என்று எழுதி முத்திரை வேறு குத்திவிட்டாய்.

ஏன் எழுதினேன் என்கிறாய். நீ கேட்டாய், அதனால் எழுதினேன். இருபத்தாறு வருடத்தில் நம் வீட்டில் ஒருவரும் நான் அங்கே என்ன செய்கிறேன் என்று கேட்டதில்லை. அம்மா கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டது அச்சடித்த தாளில் என்றாலும் கேட்டவன் என் தம்பி. நாலு வரியில் எப்படி முடிப்பேன்?

ஏப்ரலிலும் மே மாதத்திலும் நான் எழுதவில்லை என்று குறைப்பட்டாய். நான் எழுதினேன். தேதி மார்ச் 29. உன் ஆபீசில் எங்கேயாவது கிடக்கும். முழுவதும் படிக்க நேரமில்லாவிட்டால் கடைசிப் பக்கம் போதும்.

உன் அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் 29 தேதியிட்ட உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது.

கீழ்த்தளத்தில் ஒரு அறை இருக்கிறது. வேலை முடிந்த இடங்களின் படிவங்களைப் பெட்டிகளில் போட்டு அங்கே வைப்போம். ஒரு வருடம் கழித்துக் கிழித்துவிடுவார்கள். உங்கள் இடத்தின் பெட்டி சுவரோரமாக இருந்தது. உறையைப் பிரித்திருந்தார்கள். உள்ளே நீ நூலால் கட்டியிருந்த கட்டு அப்படியே இருந்தது. காப்பகத்துக் கட்டுகளுக்குப் போடுவது போல நாலு பக்கமும் சுற்றி நடுவில் ஒரு முடிச்சு. யாரும் அவிழ்க்கவில்லை. மேலே நீ பென்சிலால் 43 என்று எழுதியிருந்தாய். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். போடச் சொன்னவன் நான்.

தரையில் உட்கார்ந்து அவிழ்த்தேன். முதல் பக்கத்தில் 'அன்புள்ள தம்பிக்கு, நலம், நீங்கள் மூவரும் நலமா' என்று இருந்தது. படிவத்தின் கோடுகளுக்குமேல், பதிலை எழுதுக என்று அச்சடித்த இடத்தில். அதற்குமேல் போக முடியவில்லை. நீ செய்வது போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"என் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி எழுது. இருந்தால் நானே போய்விடுகிறேன். என்னை வெளியே அனுப்புகிற வேலை உன் கையால் நடக்க வேண்டாம். அந்தப் பாரம் உனக்கு வேண்டாம். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

நீ தினமும் கேட்ட தபால் எது என்று இப்போது தெரிகிறது. அந்த நாட்களில் நான் உனக்கு என்ன எழுதினேன் என்றும் நினைவிருக்கிறது. ஏன் பதில் போடவில்லை என்று எழுதினேன்.

போன கடிதத்திலும் நான் பாதிதான் சொன்னேன். எல்லாம் படிவத்தை வைத்து முடிவானது என்று எழுதி, குற்றத்தை உன் நாற்பத்து மூன்று பக்கத்தின்மேல் போட்டுவிட்டேன். நீ நாலு வரி எழுதியிருந்தால், தெரிந்ததைப் பகிரவில்லை என்று வேறொரு காரணம் வந்திருக்கும். பைண்டர் தப்பியது அவர் எழுதிய ஒரு வரியால் அல்ல. அவர் பெயர் முதலிலேயே அந்தப் பட்டியலில் இல்லை.

மீதிப் பக்கங்களை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. ஒரு நாளைக்கு ஒரு பக்கமாகத்தான் படிக்க முடியும் போலிருக்கிறது.

நீ கேட்டது ஒரு வரி. ஆமாம் அக்கா, இருந்தது. அந்தப் படிவம் அச்சாகும் முன்பே இருந்தது, அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.

தம்பி